எத்தனை விசில்

நைட் டூட்டி முடிந்து
மஞ்சக்குப்பத்தில் டவுன் பஸ் ஏறி
பாதிக் கண்ணில் கெடிலத்தைக் கடந்து
ஓ.டி. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை,
ராத்திரி முழுக்க ஊறிய மொச்சையைக்
கறுப்புச் சட்டியில் கொட்டி
மொட்டை மாடிக்கு எடுத்துப் போவது.

பெட்டி பழசு.
சென்னைக்கு மாற்றலான பேங்க்காரர் ஒருவர்
எழுநூறு ரூபாய்க்குத் தள்ளிவிட்டது.
மூடிக் கண்ணாடியில் ஒரு மூலை விரிசல்.
"ஹார்மோனியமாம்மா?" என்றார்
வீட்டுக்காரர் மகிமைதாஸ்.
காக்கைகள் எதுவும் கேட்கவில்லை.
வந்து முகம் பார்த்து
முகத்தோடு சண்டை போட்டுப் போயின.

எங்கள் சந்தில் விசிலை வைத்தே வீடு சொல்லலாம்.
மூன்றோடு நின்றால் ஜுலைகா வீட்டுப் பருப்பு.
ஏழு, எட்டு என்று போனால்
எதிர்வீட்டுக்கு மாப்பிள்ளை வந்திருக்கிறார்.
என் மாடியில் மட்டும் சத்தமில்லை.
வெந்ததா இல்லையா என்று
யாரும் கூவிச் சொல்வதில்லை.
ஜன்னலை அடைத்துக்கொண்டு தூங்குகிறேன்,
பகல் டூட்டி வெயிலுடையது.

பெட்டியைத் திருப்ப நிசாரோடு ஒப்பந்தம்:
பதினொன்றுக்கு ஒரு தரம், ஒன்றுக்கு ஒரு தரம்,
தரத்துக்கு இரண்டு ரூபாய்,
முழுப்பரீட்சை லீவு முடியும்வரை.
"பெட்டியோட நிழல்
அதோட முதுகுக்கு நேரா விழணும், அவ்வளவுதான்."

முதல் மூன்று நாளும் மொச்சை வேகவில்லை.
தோல் சுருங்கியது, உள்ளே கூழாங்கல்.
மேகத்தைத் திட்டினேன்.
மதியத்துக்கு மேல் கிளம்புகிற கடல்காற்றைத் திட்டினேன்.
கேரம் ஆடப் போய்விட்டான் என்று
நிசாருக்கு நான்கு ரூபாய் பிடித்தம் செய்தேன்.

அப்புறம் ஒரு ராத்திரி
பிரசவ வார்டில்
கத்தரிக்கோல் கொதிக்கிற ஸ்டெரிலைசருக்குத்
தண்ணீர் மாற்றும்போது பார்க்கிறேன்:
அடியில் சுண்ணாம்பாய் ஒரு வெள்ளை.
நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாய் வருகிறது.
ஊர் முழுக்க இதே போர் தண்ணீர்தானே.
இரும்பிலேயே ஏறி உட்காருகிற உப்பு
மொச்சையை மட்டும் விட்டுவிடுமா?

மறுநாள் கேன் தண்ணீரில் ஊறப்போட்டேன்.
நான்கு ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன்.
வட்டி ஒரு ரூபாய் கேட்டான்,
அதையும்.

யோசித்தால் விந்தைதான்.
கொடியில் பச்சையாய்த் தொங்கியதை
இதே வெயில்தான் காய்த்துக் கல்லாக்கியது.
சோனாங்குப்பம் மணலில்
நெத்திலியை விறைக்க வைத்ததும் இதுதான்.
தான் இறுக்கியதைத் தானே இளக்க
இப்போது என் மாடியில்
ஐந்து மணி நேரம் மெனக்கெடுகிறது,
கோபம் தீர்ந்தபின்
வாசலில் வந்து நிற்கிற ஆள் மாதிரி,
பேச்சில்லாமல்.

இரண்டரைக்கு எழுந்துபோய் மூடியைத் தூக்கினால்
என் மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி.
தடவித்தான் எடுத்தேன் ஒன்றை.
கட்டைவிரல் பட்டதும் தோல் நழுவி
மாவாய் நசுங்கியது.
உப்புகூட இன்னும் போடவில்லை.
தரை சுட,
கால் மாற்றிக் கால் நின்று
பாதிச் சட்டியைத் தின்றுவிட்டேன்.
மீதியில்தான் புளியும் நெத்திலிக் கருவாடும் போட்டுக்
குழம்பு என்று ஒன்று வைத்தேன்.

ராத்திரி இரண்டு மணி.
ஏழாம் கட்டிலுக்கு இன்னும் நேரமிருக்கிறது.
டிபன் பாக்ஸைத் திறந்ததும்
ஜெனோவா சிஸ்டர் ஒரு கரண்டி எடுத்தார்.
பேசாமல் இன்னொரு கரண்டி.
"வெண்ணெயா இருக்கே. எத்தனை விசில்?"

விசிலே இல்லை, என்றேன்.

பக்குவம் சொல்ல மனசில்லாதவளைப் பார்ப்பது போல
என்னைப் பார்த்தார்.